மின்னூல் விலையும் சாப்பிடாத இலையும்

புதிதாக அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, வியாபாரப் போட்டிச் சட்டத்தில் நான் பார்த்த வழக்குகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பிரிவுகளை எழுதப் போவதில்லை. அவை உங்கள் போனிலேயே இருக்கின்றன. என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். ஓய்வு பெற்ற வக்கீலிடம் கேட்க வேண்டியது வேறு. நெருக்கடியில் என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய், அதற்கு யார் யாரிடம் திட்டு வாங்கினாய்? அந்தச் சரக்கு என்னிடம் நிறையவே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் என் அலுவலகம் இருந்தபோது வந்தவர்கள் பெரும்பாலும் உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள். போல்ட் செய்பவர், ரப்பர் வளையம் செய்பவர், சீட் உறை தைப்பவர். ஒரே பொருளைச் செய்கிறவர்கள் ஒன்றாகக் கூடி டீ குடிப்பார்கள். டீயோடு விலைப்பேச்சும் வந்துவிடும். அவர்களுக்கெல்லாம் நான் சொன்ன ஒரே மருந்து, விலைப்பேச்சு தொடங்கியதும் எழுந்து போய்விடுங்கள் என்பதுதான். நைசாக நழுவக் கூடாது. நீங்கள் போகிறீர்கள், இதற்காகத்தான் போகிறீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே சம்மதம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஏசி ஓட்டலில் நடக்கும் கூட்டத்திலிருந்து எழுந்து போவது சுலபம். பிஸ்கட் தட்டு கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒருமுறை ஒரகடத்தில், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து என் கட்சிக்காரரை எழுப்பி அழைத்துப் போக வேண்டி வந்தது. அதுவும் போல்ட், ரப்பர் விவகாரம் இல்லை. மின்னூல் விலை விவகாரம்.

கட்சிக்காரர் பெயர் மகேஸ்வரி. குன்றத்தூர்க்காரர். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவர். உற்பத்தி லைனில் நிற்கும் பையன்கள் டீம் லீடர் ஆக வேண்டுமென்றால் கம்பெனி ஒரு உள்தேர்வு வைக்கும். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். வேலை தெரிந்த பையன்கள் பாஷை தெரியாமல் தோற்பதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, மகேஸ்வரி அந்தப் பாடங்களைத் தமிழில் எழுதினார். லைனில் பேசுகிற தமிழ். அச்சடிக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்குப் போனில் படிப்பதுதான் வசதி என்று மின்னூலாகவே போட்டார். நாலைந்து நூல்கள் ஓடத் தொடங்கியதும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டில் உலை கொதித்தது அந்த நூல்களால்தான்.

அவற்றை விற்ற விதம் இந்தப் பக்கத்துக்கே உரியது. போனில் பணம் கட்ட எல்லாப் பையன்களுக்கும் தெரியும். எந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்பதுதான் தெரியாது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் ரீசார்ஜ் கடையில் நிற்பான். எந்தக் கம்பெனி, எந்த லைன், என்ன பரீட்சை என்று கடைக்காரர் விசாரிப்பார். தன் போனில் ஒரு பாடத்தைத் திறந்து காட்டுவார். “அது உனக்கு வேணாம், இத்த எட்து” என்று ஒரு கார்டைக் கொடுப்பார். கார்டைச் சுரண்டினால் எண் வரும். எண்ணைப் போட்டால் புத்தகம் திறக்கும்.

அந்தக் கார்டை முதன்முதலில் கடையில் மாட்டியவர் தேசிங்கு. ஒரகடம் கூட்ரோட்டில் கடை வைத்திருந்தவர். அந்த ஊர் விவசாயக் குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வியாபாரத்துக்கு வந்தவர். ‘ரீசார்ஜ் கடையில் எவன் புத்தகம் வாங்குவான்’ என்று மற்ற கடைக்காரர்கள் சிரித்தபோது, மகேஸ்வரியின் கார்டை வாங்கி வாசலிலேயே தொங்கவிட்டார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மாட்டினார்கள். மகேஸ்வரிக்கு அவர் அண்ணன். அவர் மனைவி அண்ணி. உறவு ஒன்றும் கிடையாது. பழக்கம்தான்.

பிறகு ஒரு பெரிய ஆன்லைன் கடை அதே நூல்களைப் பாதி விலைக்குப் போட்டது. மகேஸ்வரிக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, தள்ளுபடியைத் தன் கையிலிருந்து போட்டது. புத்தகத்தைக் காட்டி ஆளை உள்ளே கூப்பிட்டால், உள்ளே வந்தவன் ஷூவும் ஹெட்போனும் வாங்குவான் என்பது அவர்கள் கணக்கு. பையன்கள் சும்மா இருப்பார்களா? தேசிங்கு கடையில் நின்று பாடத்தைப் பார்ப்பார்கள், சந்தேகம் கேட்பார்கள், “வரேண்ணே” என்று நாலடி தள்ளிப் போய் போனில் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

“சொல்லிக் குடுக்கறது நானு. வியாபாரம் அவனுக்கா?” என்று தேசிங்கு கேட்டார். நியாயமான கேள்வி. பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். ஒருவர் பாடுபட்டு வாடிக்கையாளரைத் தயார் செய்ய, பாடுபடாத இன்னொருவர் விலையைக் குறைத்து அவனைத் தட்டிக்கொண்டு போனால், கொஞ்ச நாளில் யாருமே பாடுபட மாட்டார்கள்.

இதற்கு நடுவில் பென்னலூரில் முத்துக்குமார். தென்காசிப் பக்கத்திலிருந்து லைன் வேலைக்கு வந்தவர். காண்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல், ஹாஸ்டல்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு ரீசார்ஜ் கடை போட்டார். ஆன்லைன் விலைக்குப் பக்கத்தில் தன் விலையையும் இறக்கினார். ஒரு கார்டில் லாபம் கொஞ்சம்தான், ஆனால் தெற்கத்திப் பையன்கள் அத்தனை பேரும் அங்கே போனார்கள். மற்ற கடைக்காரர்களுக்கு ஆன்லைன் கடைக்காரன் யாரென்றே தெரியாது. முத்துவைத் தெரியும். கோபம் முழுவதும் முத்து மேல் திரும்பியது.

தேசிங்கு ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று காரணம் சொன்னார், அது பொய்யில்லை. ஆனால் அழைத்திருந்தது முழுக்க ரீசார்ஜ் கடைக்காரர்களை. முத்துவை அழைக்கவில்லை. மகேஸ்வரி எனக்கு போன் செய்தார்.

“சார், இது சாப்பாட்டோட நிக்காது போல கீது. நீங்களும் கூட வர்றீங்களா?”

போனேன். மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு. வந்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ. மகேஸ்வரியை நடுவில் நிறுத்தினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் போட்டோ பின்னால் மறுபடி வரும்.

உள்ளே போனதும் தேசிங்கு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“வாம்மா, வா. இன்னிக்கு கிருத்திகை, எனக்குத் தெரியாதா? அல்லாருக்கும் பிரியாணி. உனக்கு மட்டும் உங்கண்ணி வூட்லயே ஆக்கி எட்துக்கினு வந்துக்கீறா. தனிப் பாத்திரம். கவிச்சி எதுவும் படல.”

குன்றத்தூர் மலை முருகனுக்காக மகேஸ்வரி கிருத்திகையன்று அசைவம் தொடுவதில்லை. அதை நினைவில் வைத்து ஒருத்தருக்கென்று தனியாகச் சமைத்திருக்கிறார்கள். மகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பாக அழைக்கும் இடத்திலிருந்து எழுந்து வருவது கஷ்டம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்து இலை போடத் தொடங்கினார்கள். தேசிங்கு நடுவில் வந்து நின்றார்.

“அல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே தங்கச்சி புக்கு அல்லாக் கடையிலயும் ஒரே வெல. எவனும் கொறச்சி விக்கக் கூடாது. வித்தா அவனுக்குக் கார்டு கட். பென்னலூர்க்காரனுக்கு நாளையிலேர்ந்து நிறுத்திடணும். தங்கச்சி ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டா, அப்படியே சாப்பாட்ட ஆரம்பிச்சிர்லாம்.”

“ஃபாரின்ல புக்குக்கு ஒரே வெலன்னு சட்டமே கீதாம்பா,” என்றார் ஒரு கடைக்காரர். “போன்ல படிக்கிற புக்குக்கும் சேத்துத்தானாம்.”

அவர் சொன்னது உண்மை. சில நாடுகளில் அப்படிச் சட்டம் உண்டு. பதிப்பாளர் வைக்கும் விலைதான் எல்லாக் கடைக்கும். பெரிய ஆன்லைன் கடையும் அதில் கை வைக்க முடியாது. சின்னக் கடைகள் பிழைக்கும், அதிகம் விற்காத நல்ல நூல்களும் பிழைக்கும் என்பது அங்கே சொல்லும் நியாயம். வாங்குகிறவன் கூடுதலாகக் கொடுக்கிறான் என்பது எதிர் நியாயம். இரண்டையும் எடைபோட்டு அங்கே சட்டசபை ஒரு முடிவு எடுத்தது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. பொருளின் மேல் அச்சடித்த விலைகூட அதற்கு மேலே போகாதே என்பதற்குத்தான். கீழே இறங்காதே என்று அது சொல்வதில்லை. ஆனால் அச்சடித்த விலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நம் கடைக்காரர்கள். ஒரு பொருளுக்கு ஒரே விலை என்பது அவர்களுக்குத் தப்பாகவே தோன்றாது. அதனால்தான் ஒளித்து மறைக்காமல், மைக் இல்லாத குறையாக நடு மண்டபத்தில் நின்று பேசினார் தேசிங்கு.

இதை மட்டும் வக்கீலாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்னூல் எல்லா இடத்திலும் ஒரே விலைக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் முதலில் கேட்பது, அந்த விலையை வைத்தது யார் என்று. பதிப்பாளரே விற்கிறார், கடை வெறும் ஏஜென்ட் என்றால், தன் பொருளுக்குத் தானே விலை வைத்திருக்கிறார். பெரும்பாலும் கேள்வி இல்லை. கடைக்கு விற்றுவிட்ட பிறகும் ‘இதற்குக் கீழே விற்காதே’ என்று பதிப்பாளர் கட்டுப்படுத்தினால், அதனால் போட்டி கெட்டதா என்று சட்டம் எடைபோட்டுப் பார்க்கும். கடைக்காரர்கள் தங்களுக்குள் கூடி விலை வைத்தால், கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு தொடங்கும். அந்த மண்டபத்தில் நடந்தது இந்தக் கடைசி ரகம். மகேஸ்வரி ‘சரி’ என்றால் அந்தக் கூட்டில் அவரும் ஒருவர்.

‘சரி’ என்று சொல்லாவிட்டால்? அவருடைய வியாபாரத்தில் பெரும்பகுதி அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் கார்டைக் கழற்றிவிட்டால், விட்டுவிட்டு வந்த வேலையைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

மகேஸ்வரி கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கப் பார்த்தார். “மொதல்ல சாப்பிடலாம்ணே. அப்பறம் பேசிக்கலாம்.”

நான் அவர் பக்கம் குனிந்தேன். “இப்ப எழுந்திருக்கணும்மா.”

“இலை போட்டாச்சு சார்.”

“அதனாலதான்.”

சாப்பிட்டுவிட்டு தேசிங்குவைத் தனியே அழைத்துப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மனிதர்களுக்கு அதுதான் மரியாதை. ஆனால் தேசிங்கு தன்னை அறியாமல் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். சரி என்றால் சாப்பிடத் தொடங்கலாம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இலை முன் உட்கார்ந்திருந்தாலே சரி என்று சொன்னதாகத்தான் ஆகும். தனியாகப் பின்னால் சொல்லும் மறுப்பு தேசிங்குவுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் மகேஸ்வரி சம்மதித்துவிட்டார் என்றுதான் வீட்டுக்குப் போவார்கள்.

மகேஸ்வரி எழுந்தார். குரல் கடைசி இலை வரை கேட்டது.

“அண்ணே, இதுல நான் இல்ல. யாரு இன்னா வெலைக்கு வித்தாலும் அது அவங்கவங்க இஷ்டம். முத்து கடைக்கும் கார்டு போவும், உங்க கடைக்கும் வரும். நான் கெளம்பறேன்.”

“இலை போட்டப்பறம் எழுந்திருக்கறியாமா?” என்றார் தேசிங்கு. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தூக்குப்பாத்திரத்தோடு நின்றிருந்த அண்ணி ஓடி வந்தார். “ஒரு வாய் பாயசமாவது குட்சிட்டுப் போம்மா.”

மகேஸ்வரி என்னைப் பார்த்தார். ஒரு வாய்தானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு வாய்க்கும் ஒரு இலைக்கும் பார்க்கிறவர்கள் கண்ணில் வித்தியாசம் இல்லை. தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

காரில் ஏறியதும் தொடங்கியது எனக்கு அர்ச்சனை.

“உங்களுக்கு இன்னா சார்? நாளைக்கு வேற கேஸ் வரும். எனக்கு அண்ணன் வருவாரா? அவங்க விடிஞ்சதுலேர்ந்து அடுப்புகிட்ட நின்னுக்கினு இருந்திருப்பாங்க சார்!”

கட்சிக்காரர் திட்டும்போது பேசாமல் இருப்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். வழியில் ஒரு சைவ ஓட்டல் வந்தது. நிறுத்தட்டுமா என்றேன்.

“அங்க சாப்பிடாம இங்க சாப்பிடவா? ஓட்டுங்க சார்.”

எனக்கு நல்ல பசி. ஓட்டினேன்.

ஸ்ரீபெரும்புதூர் வரும்போது அவர் கோபம் யோசனையாக மாறியிருந்தது. “அண்ணன் கேக்கறது வெல இல்ல சார். சொல்லிக் குடுக்கறதுக்குக் கூலி. அத்த ஏன் வெலையில ஒளிச்சி வெக்கணும்? நேரா நானே குடுத்துட்டா?”

காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். மிக எளிமையான யோசனை. விலையை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது. யாரிடம் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், ஒரு பையன் கடைக்கு வந்து சந்தேகம் கேட்டால், சொல்லிக் கொடுக்கும் கடைக்கு மகேஸ்வரி தனியாகக் கூலி கொடுப்பது. ஆன்லைனில் வாங்கியவனும் தேசிங்கு கடைக்கு வரலாம். வந்தால் தேசிங்குவுக்கு வருமானம். சட்டம் வேண்டாம் என்கிற ஒன்றைச் செய்யாமலேயே, கடைக்காரரின் நியாயமான குறை தீர்கிறது. வெறுமனே ‘கூடாது’ என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடாதீர்கள். ஆள் எதற்காக அந்தத் தப்பான வழிக்குப் போனார் என்று பாருங்கள். அவருடைய தேவைக்குப் பெரும்பாலும் சரியான வழியும் ஒன்று இருக்கும். இந்தமுறை அதைக் கண்டுபிடித்தவர் நான் இல்லை, பசியோடும் கோபத்தோடும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கட்சிக்காரர்.

சில கடைகள் அந்த ஏற்பாட்டுக்கு வந்தன. தேசிங்கு வரவில்லை. மகேஸ்வரியின் கார்டுகளையெல்லாம் மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மகேஸ்வரி ஒருநாள் கடை வரை போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பி வந்தார். விற்பனை சரிந்ததைவிட அது அவரை அதிகம் வாட்டியது.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. மகேஸ்வரி போன பிறகு மற்றவர்கள் பந்தியில் பேசி முடித்து, ‘ஒரே விலை’ என்று ஒரு அறிவிப்பைக் கடைகளில் ஒட்டிவிட்டார்கள். அதில் மகேஸ்வரி நூலின் அட்டைப்படம் வேறு. முத்து கடைக்கு ஆள் போய் மிரட்டல். முத்து இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் அனுப்பினார். வாசலில் எடுத்த போட்டோ யாரோ ஒருவர் ஸ்டேட்டஸில் போட்டு அவர் கைக்கு வந்திருந்தது, அதையும் இணைத்தார். நடுவில் சிரித்துக்கொண்டு நின்ற மகேஸ்வரியும் எதிர்த்தரப்பில் ஒருவராகிவிட்டார்.

முத்து நேராக வந்து மகேஸ்வரி முன்னால் நின்றார். “நான் உங்கள நெனச்சு குடுக்கல மேடம். போட்டோல இருக்க எல்லாத்தையும் போடணும்னு எழுதிக் குடுத்தவங்க சொல்லிட்டாங்க. ஆனா நீங்களும் அங்க இருந்தீங்கள்லா?”

மகேஸ்வரியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இருந்தார்தானே.

விசாரணை அதிகாரி ஒரு இளம்பெண். தமிழ் நன்றாகத் தெரிந்தவர், யாரையும் எளிதில் நம்பாதவர். விருந்து நடந்த அன்றே, நாங்கள் எழுந்து வந்ததைப் பற்றி நான் மகேஸ்வரிக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“வக்கீல் எழுதின மெயில் எப்பவுமே ஒழுங்காத்தான் இருக்கும் சார். இவங்க கிளம்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அங்க இருந்தவங்களுக்குத் தெரியுமா?”

சரியான கேள்வி. சட்டம் கேட்பதும் அதையேதான். நம் காகிதம் என்ன சொல்கிறது என்பதைவிட, கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் நாம் விலகிவிட்டதாகப் புரிந்துகொண்டார்களா என்பதே பெரிது.

அங்கே இருந்தவர்களில் முக்கியமான சாட்சி தேசிங்கு. ஆனால் கடைக்காரர்களின் வக்கீல் வேறு வழியில் யோசித்திருந்தார். விலையை வைத்தது பதிப்பாளர், நாங்கள் அவர் சொன்னதைக் கேட்டோம் என்று நிறுவினால் அவருடைய கட்சிக்காரர்களுக்கு வழக்கு பாதி லேசாகிவிடும். மேலே சொன்னேனே, விலையை வைத்தது யார் என்ற கேள்வி, அதுதான். அதிகாரி கேட்டபோது தேசிங்கு சுவரைப் பார்த்துக்கொண்டே “அல்லாரும் ஒத்துக்கினாங்க” என்றார். மகேஸ்வரியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

குறுக்கு விசாரணைக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மகேஸ்வரி எழுந்து போனாரா, இல்லையா? அதற்குத்தான் தேசிங்குவைத் தயார் செய்து அனுப்பியிருப்பார்கள். ‘ஞாபகம் இல்லை’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் நகராது. எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்கவில்லை.

“அன்னைக்கு விருந்துல என்னங்க சாப்பாடு?”

கடைக்காரர்களின் வக்கீல் எழுந்துவிட்டார். விலை வழக்கில் சாப்பாடு எதற்கு என்றார். அதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, “சொல்லட்டும்,” என்றார்.

“மட்டன் பிரியாணி,” என்றார் தேசிங்கு. “கத்திரிக்கா தொக்கு. பிரெட் அல்வா.”

“எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்களா?”

“இன்னா சார் அப்படிக் கேட்டுட்ட? என் வூட்டு விசேஷம். அல்லாரும் ரெண்டாவது தபா வாங்கி...” பேச்சு அங்கே நின்றது. அன்றைக்கு முதல்முறையாக மகேஸ்வரி பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது.

“தோ ஒக்காந்துக்கினு கீதே, இந்தம்மா ஒண்ணுதான் சாப்டல. கிருத்திகையாச்சேன்னு என் சம்சாரம் வூட்ல தனியா ஆக்கினா. சாம்பாரு, வாழக்கா வறுவலு, பாயசம். இலை போட்டாச்சு சார். ‘இதுல நான் இல்லண்ணே’ன்னு அத்தினி பேர் எதிர்ல சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. ஒரு வாய் பாயசங்கூட குடிக்கல. ஆக்கினத அப்படியே வூட்டுக்கு எட்துக்கினு போனோம். நானும் தொடல, அவளும் தொடல. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கினு கீறா.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். “எதுல நான் இல்லைன்னு சொன்னாங்க?”

“வெலைலதான் மேடம். வேற எதுல?”

அவருடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மனம் நொந்த மனிதர் ஒருவரின் வாயைக் கிளறி வழக்கை ஜெயித்திருந்தேன். ஆனால் அவர் அத்தனை நாளும் அந்த வருத்தத்தைச் சுமந்திராவிட்டால், மகேஸ்வரி விலகிவிட்டார் என்று நிரூபிக்க வேறு எதுவும் இல்லை. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். சாட்சி உண்மையைச் சொல்லிவிட்டால் வக்கீல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதைப் பலர் கடைசிவரை கற்றுக்கொள்வதில்லை.

பின்னால் வந்த உத்தரவில் மகேஸ்வரியை விடுவித்தார்கள். கடைக்காரர்கள் அதற்குள் அறிவிப்பைக் கிழித்துவிட்டிருந்ததால், இனி இப்படிச் செய்யக் கூடாது என்ற கண்டிப்போடு ஆணையம் நிறுத்திக்கொண்டது. முத்து கடை இன்னும் பென்னலூரில் இருக்கிறது. இதெல்லாம் ஃபைலில் இருக்கும், நீங்களே படித்துக்கொள்ளலாம். ஃபைலில் இல்லாதது அன்று மதியம் விசாரணை அறைக்கு வெளியே நடந்தது.

தேசிங்கு படிக்கட்டு ஓரமாக நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அவரிடம் போனார். நன்றி சொல்லப் போகிறார், அல்லது மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“அண்ணே,” என்றார். “பசிக்குதுண்ணே.”

தேசிங்கு நிமிரவில்லை. செருப்பு வாரை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“இன்னிக்கு இன்னா, கிருத்திகையா?”

“இல்லண்ணே.”

“இருந்தா சொல்லு. அவகிட்ட போன் பண்ணித் தனியா ஆக்கச் சொல்றேன்.”

மகேஸ்வரி அழுதுவிட்டார். விதிப்படி அங்கே நான் குறுக்கே போயிருக்க வேண்டும். உத்தரவு இன்னும் வரவில்லை. ஒரே வழக்கில் இருக்கும் இரண்டு தரப்பினர், அதுவும் சாட்சி சொன்ன கையோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ளும் காரியம் இல்லை. மகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்த மண்டபத்தில் பார்த்த மாதிரியே. இந்தமுறை நான் தலையை ஆட்டவில்லை. “விலையைப் பத்தி மட்டும் பேச்சு எடுக்கக் கூடாது,” என்றேன்.

“நீயும் வா வக்கீல் சார்,” என்றார் தேசிங்கு. “ஆனா ஒண்ணு. பந்தி முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.”

எழுந்திருக்கவில்லை.